மூன்றாவது அடுக்கு

இப்போதும் இரண்டு அடுக்குதான். கீழே தண்ணீர் மிகுந்த அடுக்கு, மேலே எண்ணெய் மிகுந்த அடுக்கு, இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தால் கோடு இரண்டாகத் தெரிகிறது, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தால் ஒன்றுதான். ஆசைப்பட்டுப் பார்க்கிற கண்ணை நம்பக்கூடாது என்று நானே எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். வாட்டர் பாத் என்கிற வெந்நீர்த் தொட்டியின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சோதனைக்குழாய் கழுத்தளவு வெந்நீரில் நிற்கிறது. வெப்பமானி நாற்பதைக் காட்டுகிறது. நான் சொன்னது நாற்பத்திரண்டு. தண்ணீர், ஆக்டேன் என்கிற எண்ணெய், இரண்டோடும் பாதிப் பாதி ஒத்துப்போகிற சோப்புக் குணமுள்ள ஒரு திரவம், இந்த மூன்றையும் இந்த அளவில் கலந்து நாற்பத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கினால் நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு பிரிந்து நிற்கும் என்று சொன்னேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை. பாதி சொன்னேன், மீதியைக் கையால் காட்டினேன். என்னோடு வேதியியல் துறையில் இருக்கிற மைதீன் பிச்சை சார் கவனமாகக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், "செஞ்சு பாத்துருவோம் மேடம்" என்றார். அந்தத் தலையாட்டல்தான் அன்றைக்கிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பாத்தின் சூட்டைக் கூட்டுகிற குமிழைத் துளித்துளியாகத் திருப்புகிறார். திருப்பிவிட்டு, துணியைச் சுற்றிக் குழாயை வெளியே எடுத்து நன்றாகக் குலுக்குகிறார், உள்ளே எல்லாம் பாலாக வெளுத்துப்போகிறது, திரும்ப வெந்நீரில் நிறுத்துகிறார். பிறகு காத்திருக்க வேண்டும். பால் தெளியும், கோடு வரும், ஒரே கோடு. மறுபடியும் குமிழ். பொங்கல் விடுமுறை, கல்லூரியில் ஈ காக்காய் இல்லை, ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியாக பாளையங்கோட்டை வெயில் மேஜை மேல் சாய்ந்து கிடக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து கண் செருகுகிற நேரம். எனக்குச் செருகவில்லை.

ஆடி மாதம் அது நடந்தது. இரண்டாம் வருஷ வகுப்பு, கரும்பலகையில் முக்கோணம் போட்டு மூன்று மூலையிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன், வலது கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், விரல் பிடிக்கவில்லை. நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்து ஏதோ சொன்னேன். தண்ணீர் வேண்டும் என்றுதான் சொன்னேன், எனக்குத் தெரியும், என் காதில் தண்ணீர் என்றுதான் விழுந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது தலையணை என்று பிறகு சொன்னார்கள். முன் பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் திரும்பத் திரும்பத் தலையணை, தலையணை என்றேனாம், அப்போது சிரிப்பு நின்றுவிட்டதாம். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர், ஏதோ சாக்கடையில் இலை அடைத்த மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. வார்டில் நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிடுவாள், "பேச்சியம்மாள், பேச்சியம்மாள் யாரு?" நான் கையைத் தூக்குவேன். பேச்சே இல்லாத பேச்சியம்மாள். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, சிரிப்பு மட்டும் போகாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. குலதெய்வத்தின் பெயரை எனக்கு வைத்த அப்பாவை நினைத்துக்கொண்டேன், தெய்வம் பெயரை வைத்துக்கொண்டு பேச்சை எடுத்துக்கொண்டதோ என்று ஒரு நினைப்பு, அடுத்த நிமிஷமே சீ என்று ஒரு நினைப்பு. பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். படம் படமாகக் காட்டுவாள். சீப்பு. பூட்டு. கரண்டி. நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது என்னவென்று தெரியும், எந்தக் கடையில் வாங்கினது, எந்தக் குழம்புக்கு எடுப்போம், எல்லாம் தெரியும், பெயர் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உள்ளே வராது. கூப்பிடக் கூப்பிட வேறு யார் யாரோ வருவார்கள். குடை வரும், செருப்பு வரும். ஐப்பசி மழையில் ஒரு நாள் சும்மா படுத்திருக்கும்போது, யாரும் கேட்காதபோது, கரண்டி என்று தானாக வந்து நின்றது. எழுந்து போய் அடுக்களையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன, எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"நாப்பத்தொண்ணு" என்கிறார் மைதீன் சார். நான் தலையசைக்கிறேன். பால், தெளிவு, ஒரே கோடு. சொற்கள் போயின, எண்களும் முன்போல் இல்லை, ஒரு சமன்பாட்டின் இடது பக்கத்தை முடித்து வலது பக்கத்துக்குப் போவதற்குள் இடது பக்கம் என்ன என்று மறந்துவிடுகிறது. ஆனால் வடிவம் போகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கண்ணை மூடினால் அந்தப் பரப்பு தெரிந்தது. வகுப்பில் எப்போதும் அதைக் கல்யாண வீட்டு ஷாமியானா என்றுதான் சொல்வேன். ராத்திரி மழை பெய்திருக்கிறது, காலையில் பார்த்தால் துணியில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் குழி குழியாகக் கீழே தொங்குகிறது. மூன்று பொருளை எந்தெந்த அளவில் கலந்தால் எவ்வளவு கட்டிலா ஆற்றல், அதாவது ஃப்ரீ எனர்ஜி, என்று போட்டுப் பார்த்தால் அப்படித்தான் ஒரு பரப்பு வரும், மேடும் பள்ளமுமாக. இப்போது ஒரு தட்டையான பலகையைக் கீழேயிருந்து தூக்கி அந்தத் துணியை முட்டுங்கள். பலகை எந்தெந்தக் குழியைத் தொடுகிறதோ அந்தந்த அளவில்தான் கலவை பிரிந்து நிற்கும். ஒரு குழியை மட்டும் தொட்டால் பிரியவே பிரியாது, ஒரே திரவம். இரண்டைத் தொட்டால் இரண்டு அடுக்கு. மூன்றை ஒரே நேரத்தில் தொட்டால் மூன்று அடுக்கு, தொட்ட இடங்களைச் சேர்த்தால் முக்கோணம். மைதீன் சார் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் எங்கள் கலவைக்கு இரண்டு குழியைத்தான் கண்டுபிடித்தது. திரையில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து வீட்டில் காட்டினார், என்னை உற்சாகப்படுத்தத்தான் வந்தார், ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்தார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு குழிக்கும் நடுவில், கொஞ்சம் தள்ளி, துணி லேசாக வயிறு தள்ளியிருந்தது. ஆழமில்லாத ஒரு குழி. புரோகிராம் அகலக்கால் வைத்துத் தாண்டிப் போகிறது, அந்த இடத்தில் கால் வைக்கவே இல்லை. பலகையை மனசுக்குள் தூக்கினேன், இரண்டு குழியையும் தொட வைத்தேன், மெல்லச் சாய்த்தேன். மூன்றாவது குழியும் பலகையில் இடித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

ஆனால் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு தலையணை என்று சொன்னவள் நான். அன்றைக்கும் எனக்குச் சந்தேகமே இல்லையே. அன்றைக்கும் சரியாகத்தானே சொல்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். அதே மூளைதான் இப்போது மூன்றாவது குழி என்கிறது. நம்பிக்கையாகச் சொல்கிறது. நம்பிக்கையாகச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. ஒருவேளை அடைத்துக்கொண்ட அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலை, இல்லாத குழியை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தால்? அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பார்க்கிறதும் அதே மூளை, சரிபார்க்கிறதும் அதே மூளை. வேறு ஒருவர் சொன்னால்தான் உண்டு, சொல்லவேண்டியவர் மைதீன் சார், அவரோ எல்லாவற்றுக்கும் சரி மேடம், சரி மேடம் என்கிறார். முன்பெல்லாம் அப்படியா? நானும் அவரும் ஒரே வருஷம் இந்தத் துறையில் சேர்ந்தவர்கள், சேர்ந்த அன்றைக்கே தராசை எந்த மேஜையில் வைப்பது என்று சண்டை. அவர் எழுதிய கட்டுரையில் நான் சிவப்பு மையால் கோடு கோடாகப் போடுவேன், "இது கட்டுரையா மேடம், அம்மி கொத்துன மாதிரில்லா இருக்கு" என்று கத்துவார். வராந்தா முழுக்கக் கேட்கும். மேலப்பாளையத்திலிருந்து அவர் வீட்டம்மா நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டால், கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவருடைய கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பேன். இப்போது என் முன்னால் குரலை உயர்த்துவதில்லை. நான் நுழைந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். எதிர்த்துப் பேசினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவராகவே நினைத்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சுற்றிலும் நின்றுகொண்டிருந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை.

"மேடம், நாப்பத்திரண்டு வந்துட்டு." குரல் கொஞ்சம் கம்மிப்போயிருக்கிறது. குழாயை எடுத்துக் குலுக்குகிறார், இந்தத் தடவை கூடுதலாகக் குலுக்குகிறார், நிறுத்துகிறார். நானும் அவரும் ஒரே கண்ணாடியைப் பார்க்கிறோம். பால். ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள், தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். பால் அடியிலிருந்து தெளிய ஆரம்பிக்கிறது, இது தண்ணீர்ப் பக்கம். மேலிருந்தும் தெளிகிறது, இது எண்ணெய்ப் பக்கம். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை சுருங்கிக்கொண்டே வருகிறது, நில், அங்கேயே நில், அதில் பாதியாவது நில், என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்ளக்கூடாது, மாத்திரை போட்டேனா, போட்டேன், காலையில் என் வீட்டுக்காரர் கையில் வைத்துக் கொடுத்தாரே. பட்டை சுருங்குகிறது. நூலாகிறது. கோடாகிறது. ஒரே கோடு. மைதீன் சார் குமிழை இன்னும் இம்மி திருப்புகிறார். குலுக்கல், பால், பட்டை, நூல், கோடு. மறுபடியும். கோடு.

அப்படியானால் சரி. அப்படியானால் அவர் சொல்கிற மாதிரியே செய்துவிடலாம். அவர் என்றால் என் வீட்டுக்காரர், ராமசுப்பு, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறார், கல்யாணமான நாளிலிருந்து என்னை எதற்கும் தடுத்தவர் இல்லை. அவர்தான் போன வாரம் காப்பியை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "விருப்ப ஓய்வு வாங்கிக்கிட்டா என்ன பேச்சி? நீ ஏன் கஷ்டப்படணும்?" என்றார். பிரின்சிபாலும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார், உடம்புதான் முக்கியம் என்று ஆரம்பித்தார். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அடுத்த பருவம் தொடங்குகிறது, இரண்டாம் வருஷத்துக்கு யார் போவது என்று முடிவு செய்யவேண்டும், எனக்காக முடிவைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவர் முடித்துவிடுகிறார். அன்புதான். நான் திணறுவதை அவரால் பார்க்க முடியவில்லை. நேற்று எனக்கு மோர் வேண்டியிருந்தது, "ஒரு டம்ளர்" என்று சொல்லி நின்றேன், மோர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் வந்திருக்கும், அதற்குள் "தண்ணியா, இந்தா" என்று கொண்டுவந்துவிட்டார். நான் தண்ணீரைக் குடித்தேன். இல்லை என்று சொல்வதைவிட குடிப்பது சுலபமாக இருந்தது. அப்படிக் குடித்துக் குடித்தே மீதி வாழ்க்கை போய்விடுமோ? போனால்தான் என்ன, தண்ணீரும் நல்லதுதானே. மொட்டைமாடியில் வற்றல் காயப்போடலாம். தங்கச்சி வீட்டுக்குக் குற்றாலம் போய்வரலாம். யாரும் எதையும் என்னிடம் கேட்கமாட்டார்கள். கேட்கமாட்டார்கள் என்கிற இடத்துக்கு வந்ததும் மறுபடி குழாயைப் பார்க்கிறேன்.

மைதீன் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். "மேடம், ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது." நான் பார்க்கிறேன். "நான் ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சொல்லலாமா வேண்டாமான்னு. நீங்க சொன்னீங்களேன்னு செஞ்சேன், ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல மேடம். மூணாவது குழின்னு ஒண்ணு கிடையாது. புரோகிராம் சரியாத்தான் சொல்லுது. நீங்க சொல்லுதது தப்பு." சொல்லிவிட்டு முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார், தப்பு என்கிற வார்த்தையை என் மேல் போட்டுவிட்டு நான் உடைந்துவிடுவேனோ என்று பார்க்கிறார். நான் உடையவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. அப்பா, எவ்வளவு காலமாயிற்று இந்தக் கோபம் வந்து! உள்ளங்காலிலிருந்து சூடாக ஏறுகிறது. தப்பா? என் படம் தப்பா? புரோகிராம் கால் வைக்காத இடத்தை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன், குழி இருக்கிறது, இருக்கிறது என்றால் ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை, பலகை மூன்றையும் தொடுகிறது, முக்கோணம் நிற்கிறது, நம்முடைய கலவை முக்கோணத்துக்குள்ளே, எங்கே? உள்ளே எங்கே? இதை யோசிக்கவே இல்லையே. முக்கோணத்துக்குள் எங்கே நின்றாலும் மூன்று அடுக்கும் என்னவோ அதேதான், அவற்றின் குணம் மாறாது, ஆனால் எந்த அடுக்கு எவ்வளவு என்பது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. ஒரு மூலைக்குப் பக்கத்தில் நின்றால் அந்த மூலையின் அடுக்கு கனமாக இருக்கும். தூரமாக நின்றால் மெலியும். தண்ணீர் மூலைக்கும் எண்ணெய் மூலைக்கும் நடுவே போகிற அந்தக் கோட்டை ஒட்டி நின்றுவிட்டால், சோப்புத் திரவம் மிகுந்த மூன்றாவது மூலை அவ்வளவு தூரத்தில் இருக்கும், அதன் அடுக்கு இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது, கோட்டோடு கோடாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாம் அங்கேதான் நிற்கிறோம். அந்த, அந்த, முக்கோணத்தின் அந்த.

வார்த்தை வரவில்லை. "சார்" என்கிறேன். "நாம நிக்கது" என்கிறேன். எங்கே நிற்கிறோம்? குடை என்று வருகிறது, குடை இல்லை. கதவு என்று வருகிறது. போ. வாசல். போ, போ. வலது கை மேஜையைத் தட்டுகிறது, இன்னும் விரல் சரியாக மடங்காத கை. மைதீன் சார் வாயைத் திறக்கிறார், இதோ ஏதாவது ஒரு வார்த்தையை எடுத்து நீட்டப் போகிறார், நானும் அதை வாங்கிக் குடிக்கப் போகிறேன். இல்லை. வாயை மூடிக்கொள்கிறார். ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டு, முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, "சொல்லுங்க" என்கிறார். காத்திருக்கிறார். நான் இடது கை விரலைப் பாத்தின் வெந்நீரில் முக்கி மேஜை மேல் முக்கோணம் போடுகிறேன். கோணல் முக்கோணம். தண்ணீர் மூலையையும் எண்ணெய் மூலையையும் சேர்க்கிற கீழ்க்கோட்டின் நடுவில், கோட்டின் மேலேயே, ஒரு புள்ளி வைக்கிறேன். அந்தப் புள்ளியிலிருந்து மேலே மூன்றாவது மூலையை நோக்கி விரலை ஒரு விரற்கடை நகர்த்துகிறேன். "இங்க இல்ல" என்கிறேன், "இங்க." அவர் பார்க்கிறார். வெயிலில் கோடுகள் காயத் தொடங்கிவிட்டன. "ஓரம்" என்கிறேன். நான் தேடியது விளிம்பு, வந்தது ஓரம், போதும், ஓரம் போதும். "ஓரத்துல நிக்கோம் சார். உள்ள போகணும்." அவருடைய கண் அந்த ஈர முக்கோணத்தில் மேலும் கீழும் ஓடுகிறது, எனக்குத் தெரிந்த பழைய ஓட்டம், கட்டுரையில் என் தப்பைத் தேடுகிற ஓட்டம். தேடட்டும். நன்றாகத் தேடட்டும். "அப்ப" என்று மெல்ல இழுக்கிறார், "அந்த மூணாவது திரவத்தக் கொஞ்சம் கூடச் சேத்தா, குழி இருந்தா அடுக்கு தடிச்சு வரணும். குழி இல்லாட்டி வராது." "வராது" என்கிறேன். "அப்படி வரலைன்னா நீங்க ஒத்துக்கிடணும் மேடம்." "ஒத்துக்கிடுதேன்." அவர் எழுந்துவிட்டார். அலமாரியைத் திறக்கிற வேகத்தில் பாட்டில்கள் கிணுகிணுக்கின்றன.

பிப்பெட்டில் உறிஞ்சி, குழாயின் மூடியைத் திறந்து, சொட்டுச் சொட்டாக விடுகிறார். இன்னும் என்று கை காட்டுகிறேன். விடுகிறார். போதும். மூடி, துணி, குலுக்கல். இந்தத் தடவை பால் வேறு மாதிரி இருக்கிறதா? இருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லை, அதே பால்தான், கண்ணே, உன்னை நம்பமாட்டேன். வெந்நீரில் நிறுத்துகிறார். நான் வெப்பமானியைப் பார்க்கிறேன், வேண்டுமென்றே குழாயைப் பார்க்காமல் இருக்கிறேன், நாற்பத்திரண்டுக்குக் கொஞ்சம் மேலே. சுவரில் தனிம அட்டவணை ஓரம் கிழிந்து தொங்குகிறது. அடியில் ஒரு வரிசையில் தங்கம், தங்கத்துக்குப் பக்கத்தில் பாதரசம், வருகின்றன, பெயர்கள் வருகின்றன. குழி இல்லாவிட்டால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் அவ்வளவு பயமாக இல்லை இப்போது, ஏன்? தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், தப்பைத் தேடிப் பார்க்க இன்னொரு குழாய் இருக்கிறது, தப்பாக இருப்பதும் உள்ளே இருந்துகொண்டு செய்கிற காரியம்தானே, வெளியே நின்று செய்வதில்லையே. தலையணை என்று சொன்னபோது என்னோடு யாரும் வாதாடவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். "மேடம்." நான் திரும்பவில்லை. "மேடம், இங்க பாருங்க." பார்க்கிறேன். கீழே தெளிந்துவிட்டது, மேலேயும் தெளிந்துவிட்டது, நடுவில் வெள்ளைப் பட்டை. சுருங்குகிறது. சுருங்கிக்கொண்டு வந்து, ஓர் இடத்தில், நிற்கிறது. நிற்கிறதா? மைதீன் சார் மூச்சு விடவில்லை. நான் விடுகிறேனா தெரியவில்லை. பட்டையின் வெள்ளை மெல்ல மெல்லக் கரைகிறது, வெள்ளைக்குப் பின்னால் ஒரு தெளிவு, லேசாக நீலம் படிந்த தெளிவு, அதற்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கண்ணைக் கசக்குகிறேன். இரண்டு கோடு. மறுபடி கசக்குகிறேன். இரண்டு கோடு. விரலைக் கண்ணாடிச் சுவரில் வைத்துக் கீழிருந்து தொட்டுக்கொண்டு போகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று. எண்கள் வரிசையாக வருகின்றன, ஒன்றும் வழியில் தொலையவில்லை.

மைதீன் சார் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "அல்லாவே" என்கிறார். பிறகு, "ஆனா மேடம்," என்று நிமிர்கிறார், "கலவை முக்கோணத்துக்கு நல்லா உள்ளதான் இருக்குன்னு நீங்க சொன்னது தப்புதான? ஓரத்துலல்லா இருந்திருக்கு." "தப்புதான்" என்கிறேன், வாய் காது வரை போகிறது. "நீங்க குழியே இல்லன்னு சொன்னது?" "அதுவும் தப்புதான். ஆனா என் தப்பு பெருசா, உங்க தப்பு பெருசான்னு" என்று குரலை உயர்த்துகிறார், காலிக் கட்டடத்தில் அது முழங்குகிறது, எனக்குக் கண் கலங்குகிறது, கலங்கட்டும். "திங்கக்கிழமை ரெண்டாம் வருஷத்துக்கு யாரு போறது மேடம்? நான் போனா இதப் புரோகிராம் மாதிரிதான் சொல்லுவேன்." யோசிக்கிறேன். முன் பெஞ்சுப் பிள்ளைகளின் முகம். சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்திய முகம். அந்தப் பிள்ளைகளுக்கும் அந்த நாள் மனசில் கிடக்குமே, நான் திரும்பப் போய் நின்றால்தானே அதுவும் தீரும். "நான் போறேன்" என்கிறேன். "மெதுவாத்தான் சொல்லுவேன். நடுவுல நிக்கும். நின்னா நிக்கட்டும்." அவர் தலையை ஆட்டவில்லை. "பாடம் முடியாது மேடம், அந்த வேகத்துல போனா" என்கிறார். "முடியாட்டி சனிக்கிழமையும் வருவேன்" என்கிறேன்.

கைப்பேசி அடிக்கிறது. என் வீட்டுக்காரர். என்னை அழைத்துப்போக வந்திருப்பார். "பேச்சி, கீழ நிக்கேன், இறங்குதியா?" "இல்ல" என்கிறேன். "என்னாச்சு? முடியலையா? நான் வரட்டா?" "மூணு" என்கிறேன். "மூணு மணியா? இப்பவே மணி நாலாச்சே." "மணி இல்ல. மூணு அடுக்கு. வந்துட்டு." ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கிறது. பிறகு, "நீ சொன்னியே, அதா?" "நான் சொன்னதுதான்." படியில் செருப்புச் சத்தம், இந்த ஆய்வுக்கூடத்துக்குள் அவர் ஒரு நாளும் வந்ததில்லை, வாசலில் தயங்கி நிற்கிறார், ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மைதீன் சார் வாங்கி வைக்கிறார். நான் அவர் தோளைப் பிடித்துக் குனிய வைத்துக் கண்ணாடிச் சுவருக்குள் காட்டுகிறேன். உற்றுப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார், மைதீன் சாரைப் பார்க்கிறார், மறுபடி குழாயைப் பார்க்கிறார். கடைசியில் குற்றம் செய்தவர் மாதிரி, "எனக்கு ரெண்டுதான் தெரியுது பேச்சி" என்கிறார். மைதீன் சார் சிரித்துவிடுகிறார். நானும். ஜன்னல் கதவை இன்னும் அகலமாகத் தள்ளுகிறேன், சாய்ந்த வெயில் நேராகப் பாத்துக்குள் இறங்குகிறது, குழாயின் கழுத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறேன். "அவசரப்படாதீங்க" என்கிறேன், "கீழேருந்து பாருங்க. தெரியும்." அவர் கீழேயிருந்து பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு அவருடைய வாய் லேசாகத் திறக்கிறது, விரல் தானாக எழுந்து கண்ணாடியில், நீலம் படிந்த அந்த நடு இடத்தைத் தொடுகிறது. "இதா?" என்கிறார். "இதுதான்." மைதீன் சார் அந்தப் பக்கத்திலிருந்து குமிழில் கை வைத்துக்கொண்டு, "எந்த டிகிரி வரைக்கும் தாங்கும்னு பாக்க வேண்டாமா மேடம்? நாப்பத்தஞ்சத் தாண்டாதுன்னு நான் சொல்லுதேன்" என்கிறார். நான் கண்ணை மூடிப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்க்கிறேன். "தாண்டும்" என்கிறேன். "ஏத்துங்க."